வார்ட்ரோப் டிராயர் சத்தமில்லாமல் மூட எந்த சேனல் போடலாம்? (கிருஷ்ணகிரி)

மாந்தோப்பு:
எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோடு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்து பட்டி பார்க்கிறார்கள். அடுத்தது வார்ட்ரோப். 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழம், கீல் வைத்த கதவுகள். நடுப்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு டிராயர் வேண்டும்.

வீட்டுக்காரர் ஓசூரில் ஷிப்ட் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்புவார். துணி எடுக்க டிராயரைத் திறந்து மூடினால் குழந்தை எழுந்துவிடுகிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் தினமும் இதுதான் கதை. அதனால் புது வீட்டில் டிராயர் மட்டுமாவது சத்தமில்லாமல் மூட வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன்.

ஆசாரி சாதாரண டெலஸ்கோபிக் சேனல் (டிராயர் ஓடுகிற, ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் இரும்புத் தடம்) போட்டு, உள்ளே ரப்பர் ஒட்டினால் போதும் என்கிறார். கடைக்காரர் கடைசியில் தானாக மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் சேனல் போடச் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் நாத்தனார் டிராயருக்கு அடியில் மாட்டும் அண்டர்மவுண்ட் சேனல்தான் வேண்டும் என்கிறார். மூன்றுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்று. காவேரிப்பட்டணத்தில் மாமனார் தோப்பில் வெட்டிய பழைய மாமரத்தின் பலகை நிறைய இருக்கிறது. அதில்தான் டிராயர் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. செய்யலாமா?

பழையபேட்டை:
சாஃப்ட் குளோஸே போடுங்கள், யோசிக்க வேண்டாம். ஹெட்டிச், எப்கோ, ஹஃபேலே, ப்ளூம் இவற்றில் எது கிடைத்தாலும் சரி. பெயர் தெரியாத சேனலை மட்டும் வாங்காதீர்கள். சாதாரண சேனலைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை வரும், ஆனால் நான்கு டிராயருக்குத்தானே. வீடு கட்டும் செலவில் இது பெரிதாகத் தெரியாது.

தச்சுப்பட்டறை:
வணக்கம்மா. பாலக்கோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே நண்பர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நல்ல சேனல் வேண்டும், சரி. ஆனால் நல்ல சேனல் வாங்கிப் போட்ட பிறகும் கரகரவென்று ஓடும் டிராயர் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

டிராயரில் வருவது மூன்று விதமான சத்தம். மூடி முடியும்போது முகப்பு போய் இடிக்கிற சத்தம் ஒன்று. ஓடும்போது சேனலுக்குள் இருக்கும் பால் (சின்ன இரும்புக் குண்டு) உருளுகிற கரகர சத்தம் இரண்டாவது. மூன்றாவது, அடிப்பலகை தளர்ந்து உள்ளே அதிர்கிற சத்தம். சாஃப்ட் குளோஸ் முதல் சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும். மற்ற இரண்டும் பெட்டியைச் செய்கிறவன் கையில் இருக்கிறது.

சாஃப்ட் குளோஸ் சேனலின் பின்முனையில் ஒரு சின்ன டேம்பர் இருக்கும். ஒரு உருளை, உள்ளே எண்ணெய், அதில் நகரும் பிஸ்டன், கூடவே ஒரு ஸ்பிரிங். டிராயர் மூட ஏறக்குறைய 2 அங்குலம் இருக்கும்போது ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் உள்ளே இழுக்கும், எண்ணெய் அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும். பைக்கின் ஷாக் அப்சார்பர் செய்கிற அதே வேலை. வேகமாகத் தள்ளினால் எதிர்ப்பும் கூடும், அதனால்தான் ஓங்கித் தள்ளினாலும் கடைசியில் மெதுவாகப் போய் உட்காருகிறது.

ஆனால் அந்த ஸ்பிரிங்குக்குப் பலம் கொஞ்சம்தான். பெட்டி மூலைமட்டத்தில் இல்லாமல் கோணிக்கொண்டிருந்தால், அல்லது இரண்டு பக்கச் சேனலும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், டிராயர் உரசும். உரசலை மீறி இழுக்க ஸ்பிரிங்கால் முடியாது. கால் அங்குலம் திறந்தபடியே நிற்கும். வீட்டுக்காரர் சேனல் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். சேனலைக் கழற்றி வேறு டிராயரில் போட்டால் அழகாக வேலை செய்யும்.

பக்கவாட்டில் மாட்டும் பால் பேரிங் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம் இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4. நான் 26 மி.மீ. விடுவேன். அதற்குக் குறைந்தால் சேனல் நெரியும், பால் அழுந்தும். 28, 29 என்று போனால் சேனலின் பாகங்கள் விலகி டிராயர் ஆடும். பலகையை அறுக்கும்போது ஒரு ரம்பத் தடிமன் தவறினாலே இந்த அளவு போய்விடும். ஆகவே சேனலை முதலில் வாங்கி ஆசாரி கையில் கொடுங்கள். அதை வைத்து அளந்த பிறகு அவர் பெட்டியை அறுக்கட்டும். பல வீடுகளில் பெட்டி செய்து முடித்த பிறகு கடைக்குப் போகிறார்கள், அங்கேதான் கெடுகிறது.

ரப்பர் ஒட்டினால் போதும் என்று உங்கள் ஆசாரி சொன்னது முழுக்கத் தவறில்லை. இடி சத்தம் குறையும், நிற்காது. விடியும் முன்னால் குழந்தை தூங்கும் அறை என்றால் நான் சாஃப்ட் குளோஸ்தான் போடுவேன்.

மாந்தோப்பு:
இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை அண்ணா, ரொம்ப நன்றி. அடிப்பலகைக்கு என்ன தடிமன் கேட்க வேண்டும்? கடையில் சேனலை எடுத்துக் காட்டினால் நல்லதா என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

தச்சுப்பட்டறை:
அடிப்பலகை 4 மி.மீ. ப்ளைவுட் வேண்டாம். காலி டிராயரைத் தட்டினால் அது பறை மாதிரி ஒலிக்கும், நாளாக நாளாகத் தொய்யும். உங்களுக்கு 6 மி.மீ. தாராளம். பட்டுப்புடவை அடுக்கும் டிராயருக்கு 9 மி.மீ. போடச் சொல்லுங்கள். பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பசை வைத்து உள்ளே செருக வேண்டும். கீழே இருந்து ஆணி மட்டும் அடித்த அடிப்பலகை ஒரு வருடத்தில் பேச ஆரம்பிக்கும்.

கடையில் பார்ப்பதற்குச் சொல்கிறேன். சேனலை முழுக்க வெளியே இழுங்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையைப் பக்கவாட்டில் அசையுங்கள். கொஞ்சம் அசைவது இயல்பு, தொளதொளவென்று ஆடக் கூடாது. மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். வழியில் எங்கேயும் தட்டக் கூடாது. ஒரே நீளத்தில் இரண்டு கம்பெனிச் சேனலைக் கையில் எடுத்தால் எடையிலேயே வித்தியாசம் தெரியும், தகடு தடிமன் குறைந்தது லேசாக இருக்கும். 35 கிலோ, 45 கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது ஒரு ஜோடிக்கு. துணிக்கு 35 போதும். புடவை, பெட்ஷீட் என்று அடுக்கினால் 45 எடுங்கள்.

எத்தனை முறை திறந்து மூடிச் சோதித்தார்கள் என்றும் சில பெட்டிகளில் இருக்கும். 50,000 என்று இருந்தால், தினம் 10 முறை திறந்தாலும் 13 வருடத்துக்கு மேல் வரும்.

நீளம் 10 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை இரண்டிரண்டு அங்குலமாக வருகிறது. 2 அடி ஆழ வார்ட்ரோபுக்கு 20 அங்குலச் சேனல், அதாவது 500 மி.மீ., சரியாக உட்காரும்.

ஓசூர்_இரவு:
நாத்தனார் சொன்ன அண்டர்மவுண்ட் பற்றி. எங்கள் வீட்டில் வார்ட்ரோபுக்கு அதுதான். சேனல் டிராயருக்கு அடியில் ஒளிந்திருக்கும். திறந்தால் இரும்பே கண்ணில் படாது. துணியிலிருந்து விழும் பஞ்சும் தூசியும் சேனலுக்குள் போவது குறைவு. ஓட்டமும் பக்கச் சேனலைவிட நிச்சயமாக மென்மை. முகப்பு கொஞ்சம் ஏறி இறங்கி இருந்தால் அடியில் இருக்கும் கிளிப்பைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பணம் இருந்தால் போடுங்கள் என்றே சொல்வேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கைப்பிடி வேண்டாம், அழுத்தினால் திறக்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டால் கடையில் புஷ் ஓப்பன் சேனலைத் தருவார்கள். சாதாரண புஷ் ஓப்பனில் சாஃப்ட் குளோஸ் இருக்காது. இரண்டும் சேர்ந்து வரும் வகை தனியாக இருக்கிறது, விலை மிக அதிகம். என் தம்பி வீட்டில் இது தெரியாமல் போட்டுவிட்டார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் கிளிக் என்று சத்தத்தோடுதான் மூடுகிறது. குழந்தை தூங்கும் அறைக்குக் கைப்பிடி வைத்த டிராயரே நல்லது.

தச்சுப்பட்டறை:
ஓசூர் நண்பர் சொன்னது எல்லாம் உண்மை. அண்டர்மவுண்ட் நல்ல பொருள். ஆனால் அது செய்கிறவரிடம் கேட்கும் சுத்தம் வேறு. டிராயரின் பக்கப் பலகை 16 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பல வகைகளில் டிராயர் பெட்டியின் உள் அகலம், அது உட்காரும் வார்ட்ரோப் அடைப்பின் உள் அகலத்தைவிட 42 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அடிப்பலகையை 13 மி.மீ. மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும். பின்பலகையில் சேனலுக்கு வெட்டு எடுத்து, அதன் கொக்கி நுழையத் துளை போட வேண்டும். இந்த அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துத்தான் செய்ய வேண்டும்.

நம் பக்கத்தில் இதைச் செய்து பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோரும் இல்லை. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 18 மி.மீ. ப்ளைவுட்டை எடுத்து அப்படியே பக்கப் பலகையாகப் போட்டால் சேனல் உட்காராது. உங்கள் ஆசாரி இதற்கு முன் அண்டர்மவுண்ட் போட்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் தைரியமாகப் போடலாம். இல்லையென்றால் பக்கச் சாஃப்ட் குளோஸைச் சுத்தமாக மாட்டுவது, அண்டர்மவுண்டைக் கோணலாக மாட்டுவதைவிட நூறு மடங்கு மேல்.

இலக்கியம்பட்டி:
தருமபுரியிலிருந்து. கட்டட மேற்பார்வை வேலை செய்கிறேன். யாரும் தூசியைப் பற்றிச் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நம் இரண்டு மாவட்டத்திலும் கிரானைட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதனால் சமையல் மேடை, படிக்கட்டு, ஜன்னல் அடி, வாசற்படி என்று எல்லாவற்றுக்கும் கல்தான். வீட்டுக்குள்ளேயே வெட்டி, விளிம்பு தேய்க்கிறார்கள். அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் எல்லா இடத்திலும் படியும். அதோடு சுவரில் பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் வெள்ளைத் தூள். பால் பேரிங் சேனலில் கம்பெனியே கிரீஸ் தடவித்தான் அனுப்புகிறது. கிரீஸில் கல் தூள் கலந்தால் அது தேய்க்கும் பசையாக மாறிவிடும். புது வீட்டுக்குக் குடிபோகும் நாளிலேயே டிராயர் கரகரக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆசாரி பெட்டிகளை முன்பே செய்து வைக்கட்டும், சேனலை மாட்டி அளவும் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் டிராயரையும் சேனலையும் கழற்றி பாலித்தீன் பையில் கட்டி வைத்துவிடுங்கள். கல் வேலை, பட்டி தேய்ப்பு, கடைசிப் பெயிண்ட் எல்லாம் முடிந்து வீட்டைத் துடைத்த பிறகு மாட்டினால் போதும். ஆசாரிக்கு அரை நாள் கூலி கூடுதலாக ஆகும். கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே தூசி போயிருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, துணியால் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு, கொஞ்சமாக வெள்ளை லித்தியம் கிரீஸ் அல்லது சிலிக்கான் ஸ்பிரே. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் விடாதீர்கள். முதலில் வழுக்கும், பிறகு தூசியை இழுத்துப் பிசின் ஆகிவிடும். டேம்பர் மீது எதையும் அடிக்க வேண்டாம்.

மாந்தோப்பு:
எங்கள் வீட்டில் இன்னும் படிக்கட்டுக் கல் போடவில்லை! நல்ல வேளை சொன்னீர்கள் ஐயா. ஆசாரியை அடுத்த வாரம் பெட்டி வேலை மட்டும் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

அரூர்_அக்கா:
நான் வேறு ஒரு விஷயம் சொல்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் யோசித்துப் போடுங்கள். சாஃப்ட் குளோஸ் டிராயரைத் திறக்கும்போது முதல் 2 அங்குலம் இறுக்கமாக இருக்கும். அந்த ஸ்பிரிங்கை நாம்தான் இழுத்து ஏற்றுகிறோம். எனக்கும் என் பெண்ணுக்கும் அது தெரியவே இல்லை. அம்மாவுக்கு விரல் மூட்டில் வாதம். சின்ன குமிழ்க் கைப்பிடியைப் பிடித்து இழுக்க முடியாமல் சிரமப்பட்டார். அப்புறம் நான்கு விரலும் உள்ளே போகிற நீளக் கைப்பிடி மாற்றினோம், இப்போது சிரமமில்லை. கைப்பிடி வாங்கும்போதே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரி அண்ணாவிடம் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் ஒரு டிராயர் திடீரென்று 2 அங்குலம் வெளியே நின்றுவிடுகிறது, மென்மையாக உள்ளே போவதில்லை. மாற்ற வேண்டுமா? அப்புறம், பழைய இரும்பு பீரோவின் உள் டிராயர் கிறீச்சிடுகிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா?

தச்சுப்பட்டறை:
மாற்ற வேண்டாம் அக்கா. கொக்கி தானாக விடுபட்டு உள்பக்கம் போய்விட்டிருக்கும். டிராயரை முழுக்க வெளியே இழுத்து, ஒருமுறை அழுத்தமாகக் கடைசி வரை தள்ளுங்கள். டக் என்று பிடித்துக்கொள்ளும், அடுத்த முறையிலிருந்து சரியாக மூடும். அடிக்கடி விடுபட்டால் இரண்டு சேனலும் முன் பின் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒன்றை 1 மி.மீ. நகர்த்தினால் தீரும். டேம்பரில் எண்ணெய் கசிந்து பிசுபிசுப்பு தெரிந்தால் மட்டும் சேனலை மாற்றுங்கள்.

இரும்பு பீரோவில் தகடும் தகடும் உரசுகிறது. உரசும் விளிம்பைத் துடைத்து மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சில மாதம் வரும், மறுபடி தேய்க்க வேண்டும்.

இப்போது மாமரப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். மாந்தோப்பு அம்மா கேட்டு நாளாகிறது.

மாமரம் கெட்ட மரம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர் முழுக்கத் தோப்பு, காய்ப்பு நின்ற மரத்தை அறுத்து எத்தனையோ சாமான் செய்கிறோம். நிறமும் கோடும் அழகாக இருக்கும். அதற்கு இரண்டு குறை. ஈரம் முழுக்க வற்றாமல் செய்தால் முறுக்கிக்கொள்ளும். துளைப்பான் பூச்சி அதை மிகவும் விரும்பும். பலகையில் குண்டூசி முனை அளவுத் துளையும் கீழே மாவு மாதிரி தூளும் தெரிந்தால் அந்தப் பலகையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், துணி அலமாரிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில் மரம் ஊதி டிராயர் இறுகிவிடும் என்று பயப்படுவார்கள். பக்கப் பலகையில் இழை நீளவாக்கில் ஓடுவதால் ஊதுவது உயரத்தில்தான், பெட்டியின் அகலம் அவ்வளவாக மாறாது. அதனால் சேனல் இடைவெளிக்கு ஆபத்து குறைவு. மேலே இருக்கும் டிராயரை இடிக்காமல் 3, 4 மி.மீ. விட்டால் போதும். உண்மையான ஆபத்து முறுக்கல். பலகை ஒரு மூலையில் முறுக்கினால் சேனலும் கூடவே முறுக்கும், பிறகு எந்தக் கம்பெனிச் சேனலும் உதவாது.

ஆகவே பெட்டியை ப்ளைவுட்டில் செய்யுங்கள். துணி அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். தரம் (ஈரம் தாங்கும் ப்ளைவுட்), ஐ.எஸ். 303 முத்திரை இருந்தால் போதும். குளியலறைச் சுவரை ஒட்டி வருகிறது என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் எடுங்கள். பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) சேனல் ஸ்க்ரூ நாளடைவில் தளர்ந்துவிடும், அது டிராயருக்கு வேண்டாம். முகப்புக்கு மட்டும் மாமனார் மரத்தைப் போடலாம். நன்றாகக் காய்ந்து, பூச்சி மருந்து அடித்த பலகையாகத் தேர்ந்தெடுத்து, பின்னாலிருந்து ஸ்க்ரூவில் மாட்டுங்கள். ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் அகலமாக வைத்தால் மரம் அசைய இடம் இருக்கும். அவர் தோப்பு மரம் கண்ணுக்கு முன்னால் இருக்கும், பெட்டி ப்ளைவுட்டின் பலத்தில் ஓடும்.

மாந்தோப்பு:
மாமனாரிடம் படித்துக் காட்டினேன். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவரே பலகை பொறுக்கி வைக்கப் போயிருக்கிறார்.

ஆசாரியிடமும் பேசினேன். அண்டர்மவுண்ட் இதுவரை செய்ததில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். எனவே பக்கச் சாஃப்ட் குளோஸ், 20 அங்குலம், நான்குக்கும் 45 கிலோ. நடுப்பகுதியின் உள் அகலம் 559 மி.மீ. (22 அங்குலம்). 26 கழித்தால் டிராயர் வெளி அகலம் 533. சரிதானே? அறுக்கச் சொல்லட்டுமா?

தச்சுப்பட்டறை:
பொறுங்கள், அறுக்க வேண்டாம். உங்கள் டிராயர் கதவுக்கு உள்ளே வருகிறது. கதவு 90 டிகிரி திறந்து நின்றாலும் கீலும் கதவின் விளிம்பும் வழியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். 533 அகலத்தில் செய்தால் டிராயர் வெளியே வரும்போது கீலில் இடிக்கும். கதவை முழுக்கத் திறந்தால்தான் டிராயர் வரும் என்ற நிலை வரும், சுவரோரக் கதவாக இருந்தால் அதுவும் முடியாது.

இரண்டு பக்கமும் 25 மி.மீ. தடிமனில் பட்டை (மரச்சட்டம்) கொடுத்து, அதன்மேல் சேனலை மாட்டச் சொல்லுங்கள். 559-இல் 50 போக 509. அதில் 26 போக 483 மி.மீ. அதுதான் டிராயரின் வெளி அகலம். பட்டை முன்னாலிருந்து பின்னால் வரை முழு நீளமாக இருக்கட்டும், துண்டு துண்டாக வேண்டாம். 500 ஆழத்துக்கு 483 அகலம் நல்ல விகிதம், கோணாமல் ஓடும். ஆழத்தைவிட அகலம் மிக அதிகமான டிராயர்தான் ஒரு பக்கம் தள்ளினால் மறு பக்கம் நிற்கும்.

சேனல் மாட்டும்போது முதலில் நீள்துளையில் மட்டும் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, டிராயரை ஓட்டிப் பார்த்து, ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகு வட்டத் துளைகளில் ஸ்க்ரூ இறக்கட்டும். ரப்பர் பொட்டு ஒட்டினால் 1 மி.மீ. தடிமனுக்குள் இருக்கட்டும், தடித்த பொட்டு டிராயரை முழுக்க மூட விடாது.

ஓசூர்_இரவு:
நகை டிராயருக்குப் பூட்டு வைக்கிறீர்களா? வைத்தால் டிராயர் தானாக முழுதும் உள்ளே போன பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். அவசரத்தில் கையால் அழுத்திப் பூட்டினால் டேம்பருக்குக் கெடுதல்.

மாந்தோப்பு:
மேல் டிராயருக்கு மட்டும் பூட்டு. 483 என்று ஆசாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டை விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒப்புக்கொண்டார். நாளை சேனல் வாங்கப் போகிறோம். எல்லோருக்கும் நன்றி.

பழையபேட்டை:
நான்கு ஜோடிக்குப் பதில் ஐந்தாக வாங்குங்கள். சில வருடம் கழித்து ஒன்று கெட்டால் அதே மாடல் கிடைப்பது உறுதியில்லை, துளை இடம் மாறியிருந்தால் பலகையில் புதிதாகத் துளைக்க வேண்டியிருக்கும். பில்லையும் சேனல் பெட்டியின் மேல் இருக்கும் மாடல் எண்ணையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி கேட்டால் கடையில் இரண்டையும் பார்ப்பார்கள்.

தச்சுப்பட்டறை:
சரியாகச் சொன்னார். ஒவ்வொரு ஜோடியையும் கடையிலேயே பிரித்து, இடது வலது இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.